‘ஆமென்’ சொல்லுமுன்



2015ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. அந்நாளில் நான் அடையாற்றை அடுத்த ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அவ்வாரத்துச் செவ்வாய் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாறு கரைபுரண்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பங்கின் பள்ளமான தெருக்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்துவிட்டது. குடும்பங்கள் பல பங்கு மண்டபத்திலும் பள்ளி வகுப்பறைகளிலும் தங்கியிருந்தன. ஞாயிறு திருப்பலிக்கு அவர்கள் அங்கிருந்தே எழுந்து வந்தார்கள். மாற்றுடை இல்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

மறையுரையும் விசுவாச அறிக்கையும் முடிந்து, விசுவாசிகளின் மன்றாட்டு தொடங்கிற்று. வழக்கப்படி ஓர் இளைஞர் வாசக மேடைக்கு வந்து, பல மாதங்களுக்கு முன்பே அச்சாகியிருந்த கையேட்டைத் திறந்து வாசித்தார். பருவமழை குறைவின்றிப் பெய்து, ஏரி குளங்கள் நிரம்பி, மக்கள் வளமுடன் வாழ வேண்டுமென்பது அதிலிருந்த நான்காம் மன்றாட்டு. கோவிலில் இருந்தோர் அனைவரும் வழக்கம்போல் ஒரே குரலில், ‘கேட்டருளும்’ என்று பதிலுரைத்தனர். நானும் உரைத்தேன். அதன் பொருந்தாமை அக்கணத்தில் எனக்கு உறைக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பலி முடிந்தபின் ஒரு மூதாட்டி என்னைத் தேடி வந்தார்.

“சாமி, ஏரி ரொம்பினதாலதான் நாங்க பள்ளிக்கூடத்துல படுத்துக் கெடக்கோம். இன்னும் ரொம்பணும்னு அந்தத் தம்பி வேண்டுது. எல்லாரும் ‘கேட்டருளும்’னு சொல்றாங்க. நான் வாயத் தொறக்கல சாமி. அது பாவமா?”

“பாவம் இல்லை அம்மா. இன்று கோவிலில் மன்றாட்டைக் காதுகொடுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது காட்டுப்பாக்கத்தில் உங்களிடையே பணியாற்றும் நாளிலும், வாசகர் மேடை ஏறும்போதெல்லாம் அந்த அம்மையாரின் கேள்வி என் நினைவுக்கு வருகிறது. ஆகவே, வழிபாட்டில் நாம் சொல்லும் பதிலுரைகளைப் பற்றி இம்மாதம் உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

பதிலுரை யாருடையது?

திருவழிபாட்டில் குருவுக்குரிய பகுதி உண்டு. வாசகருக்கும் பாடகருக்கும் உரிய பகுதிகளும் உண்டு. பதிலுரையோ மக்களுக்கு உரியது. மக்கள் சொல்லவேண்டிய ‘ஆமென்’ என்பதைக் குரு ஒருவரே சொல்லி முடித்துவிட்டால், அது அவரது செபத்திற்கு அவரே போட்டுக்கொண்ட கையொப்பம் போன்றது. ‘ஆமென்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு ‘அப்படியே ஆகுக’, ‘இது உறுதி’ என்று பொருள். ஒரு பத்திரத்தை ஒருவர் எழுதலாம், மற்றொருவர் வாசித்துக் காட்டலாம்; ஆயினும் கையொப்பம் விழும்வரை அது வெறுந்தாளே.

இணைச்சட்ட நூலின் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லேவியர் பன்னிரண்டு சாபங்களை ஒவ்வொன்றாக உரைக்கின்றனர். மக்கள் ஒவ்வொன்றுக்கும் ‘ஆமென்’ என்கின்றனர். மொத்தமாக இறுதியில் ஒரே ஒரு முறை சொல்லி முடித்துவிட அங்கே இடமில்லை. அண்டை வீட்டானின் எல்லைக் கல்லை நகர்த்துபவனைக் குறித்த சாபத்துக்கும், பார்வையற்றவனை வழி தவறச் செய்பவனைக் குறித்த சாபத்துக்கும் தனித்தனியே கையொப்பம் இடவேண்டும். அவ்வாறு இடுபவர் தம்மையே அச்சட்டத்திற்கு உட்படுத்துகிறார்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் இதையே வேறு கோணத்திலிருந்து கேட்கிறார். நீர் சொல்வது இன்னதென்று அறியாதவர், உமது நன்றிச் செபத்திற்கு எவ்வாறு ‘ஆமென்’ சொல்வார் என்பது அவரது வினா. நம் மூதாட்டி அந்த அதிகாரத்தைப் படித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆயினும் அவர் கேட்டதும் பவுலடியார் கேட்டதும் ஒன்றே: பொருளை உணராமல் சொல்லும் பதில் பதிலாகுமா?

தொடக்கத் திருச்சபை இதனை நன்கு உணர்ந்திருந்தது. ஏறத்தாழ கி.பி. 155இல் புனித யுஸ்தீன் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். வாசகங்களும் அறிவுரையும் முடிந்தபின் அனைவரும் எழுந்து நின்று மன்றாடுவர் என்றும், தலைவர் நன்றி கூறியபின் மக்கள் ‘ஆமென்’ என்று இசைவர் என்றும் அவர் எழுதுகிறார். உரோமைக் கோவில்களில் அந்த ‘ஆமென்’ இடிமுழக்கம்போல் ஒலித்ததென்று புனித ஜெரோம் குறிப்பிடுகிறார். நம் கோவில்களிலோ ஒலிபெருக்கிதான் முழங்குகிறது. மக்களின் குரலைத் தேடவேண்டியிருக்கிறது.

படைவீரர் சூழ்ந்த இரவு

முன்னாளில் சங்கீதம் என்றும் இன்று திருப்பாடல் என்றும் வழங்கும் பாடல்களுள் 136ஆவது, பதிலுரைக்கென்றே அமைந்தது. 26 அடிகளிலும் இறைவனின் பேரன்பு என்றுமுள்ளது என்னும் ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும். ‘ஒன்றையே இத்தனை முறை சொல்வானேன்?’ என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னைக் கேட்டதுண்டு. அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

356ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அலெக்சாந்திரியா நகரில் மக்கள் கோவிலில் கூடி இரவு விழிப்பு செய்துகொண்டிருந்தனர். ஆயர் புனித அத்தனாசியாரைப் பிடிக்கப் படைவீரர் கோவிலைச் சூழ்ந்துகொண்டனர். மக்களை விட்டுத் தாம் தப்பி ஓடுவது முறையன்று என்று எண்ணிய ஆயர், தம் இருக்கையில் அமர்ந்தவாறே, அத்திருப்பாடலை வாசிக்குமாறு திருத்தொண்டரைப் பணித்தார்; மக்களைப் பதிலுரைக்கச் சொன்னார்; அவ்வாறே அனைவரும் வீடு திரும்பவேண்டுமென்றார். மக்களுள் பெரும்பாலோர் வெளியேறியபின், துறவியரும் குருக்களும் அவரை அழைத்துச் சென்று காப்பாற்றினர். இதனை அத்தனாசியாரே எழுதிவைத்திருக்கிறார். உருவிய வாளுக்கு முன் நிற்பவருக்கு ஒரே பதிலைப் பலமுறை சொல்வது சலிப்பாகவா இருந்திருக்கும்?

பதிலுரைப் பாடலை வாசகங்களுக்கு இடையே வரும் இளைப்பாறுதலாக எண்ணுவோர் நம்மில் உண்டு. ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தீனார் அப்படி எண்ணவில்லை. ஒரு நாள் அவர் குறித்துக் கொடுத்த சிறிய திருப்பாடலை விட்டு, வாசகர் தவறுதலாக வேறொன்றைப் பாடிவிட்டார். அகுஸ்தீனார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அத்தவற்றிலும் இறைவனின் திருவுளம் இருக்கலாமென்று கூறி, தாம் ஆயத்தம் செய்திருந்ததை விட்டுவிட்டு, பாடப்பட்ட அந்தத் திருப்பாடலையே விளக்கினார்.

2015 டிசம்பர் 6ஆம் நாளுக்குரிய பதிலுரைப் பாடல் எது தெரியுமா? 126ஆம் திருப்பாடல். ஆண்டவர் நமக்கு மாபெரும் செயல் புரிந்தார், ஆகவே மகிழ்ந்தோம் என்பது மக்களின் பதில். வீடிழந்து நின்ற அம்மக்கள் அதனையும் சொன்னார்கள். அதே பாடலில், கண்ணீரோடு விதைப்பவர் அக்களிப்போடு அறுப்பர் என்னும் வாக்கும் வருகிறது. நான் அன்று அதனை எடுத்துரைத்திருக்கவேண்டும். பல நாள்களுக்கு முன்பே எழுதிவைத்திருந்த மறையுரையை நிகழ்த்திவிட்டேன். கையேட்டை வாசித்த இளைஞரை எப்படிக் குறை கூறுவேன்?

முத்துக்குளித்துறையில் கேட்ட பதில்

நம் தமிழ் மண்ணிலும் விசுவாசம் பதிலுரையாகவே வேரூன்றிற்று. 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோரைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். ஞாயிறுதோறும் ஊர் மக்கள் கூடியதும் அவர் ஒவ்வொரு செபமாகச் சொல்வார். மக்கள் தொடர்ந்து சொல்வர். பின்னர் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி, ‘இதை விசுவசிக்கிறீர்களா?’ என்று கேட்பார். மக்கள் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, விசுவசிப்பதாக உரத்த குரலில் பதிலளிப்பர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து தம் சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதனை அவர் விவரித்திருக்கிறார்.

அதே ஆண்டில் தம் உதவியாளர் மன்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்னும் சொற்கள் நுழைந்திருந்தன. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிப்பது. ஆகவே ‘விசுவாசம்’ என்னும் சொல்லையே வழங்குமாறு அவர் பணித்தார். மக்கள் எவ்வளவு பக்தியோடு பதிலளித்தாலும், தாங்கள் சொல்வது இன்னதென்று அறிந்து சொல்லவேண்டுமென்பதில் அவர் காட்டிய கருத்தைக் கவனியுங்கள். தம் தவற்றைத் தாமே திருத்திக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை.

சவேரியாருக்குப்பின் வந்த அன்ரீக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் நூல். அஃது ஒரு செப நூல் என்பது நமக்குப் பெருமை. குருக்கள் ஆண்டுக்கு ஓரிரு முறையே வந்துபோன ஊர்களில், உபதேசியார் முன்னின்று சொல்ல, மக்கள் பதில் சொல்லியே தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் காத்தனர்.

ஆயினும் பலிபூசை மட்டும் இலத்தீனிலேயே நடந்தது. என் பாட்டனார் சிறுவயதில் பீடச் சிறுவராக இருந்தவர். கோவில் நிறைய மக்கள் இருந்தும், குருவுக்கு இலத்தீனில் பதில் சொன்னவர்கள் தாமும் மற்றொரு சிறுவனும் மட்டுமே என்பார். மக்கள் அவ்வேளையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்களது பக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்களுக்குரிய பதிலை இரண்டு சிறுவர் சொல்லிக்கொண்டிருந்தனர்.

1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை 2,147 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தவை 4 மட்டுமே. மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் செயல்முறையிலும் பங்குபெறவேண்டும் என்பது அவ்வேட்டின் உயிர்நாடி. உரோமை வழிபாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய வெள்ளியன்று மட்டுமே எஞ்சியிருந்த பொது மன்றாட்டை, ஞாயிறுகளுக்கும் கடன் திருநாள்களுக்கும் மீட்டுத் தரும்படி அதன் 53ஆம் எண் பணித்தது. திருச்சபையின் தேவை, நாட்டை ஆள்வோரும் உலகின் மீட்பும், துன்புறுவோர், உள்ளூர்ச் சமூகம் என்னும் நான்கு வட்டங்களுக்குள் அம்மன்றாட்டுகள் அமையவேண்டும், சுருக்கமாகவும் இருக்கவேண்டும். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் பயின்ற நாளில் இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தேன். அவற்றின் பொருளைக் கற்பித்தது ஒரு வெள்ளமும் ஒரு மூதாட்டியும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வெள்ளம் வடிந்தபின் அப்பங்கில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். காட்டுப்பாக்கத்திலும் அதனையே கடைப்பிடிக்கிறோம். கோவில் வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யாரும் தம் தேவையை எழுதலாம். அவ்வாரத்துக்குரிய அன்பியத்தினர் வியாழன் மாலை கூடி, அவற்றைப் படித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மன்றாட்டுகளை எழுதுகின்றனர். அச்சிட்ட கையேட்டை நாங்கள் ஒதுக்கவில்லை. ஒழுங்கைக் கற்றுக்கொள்ள அது துணைசெய்கிறது. ஆனால் அன்றைய நாளிதழையும் அடுத்த தெருவையும் பாராமல் அதனை அப்படியே வாசிப்பதில்லை.

இதிலும் சோதனைகள் உண்டு. ‘எதிர்வீட்டார் இரவில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் நல்ல மனம் பெற வேண்டும்’ என்று ஒருமுறை ஒருவர் எழுதியிருந்தார். எதிர்வீட்டாரும் அதே அன்பியத்தைச் சேர்ந்தவர்! அன்பியத்தினர் கூடிப் பேசி, ஒரே கிணற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் நாம் அனைவரும் ஒருவரையொருவர் எண்ணி நடக்க மன்றாடுவோம் என்று அதனை மாற்றினர். இருவருமே ‘கேட்டருளும்’ என்றார்கள். மன்றாட்டு, பிறருக்குச் சொல்லும் புத்திமதியன்று, சொற்பொழிவும் அன்று, நன்கொடையாளர் பட்டியலும் அன்று. எவரும் மனச்சான்றோடு ‘ஆமென்’ சொல்லக்கூடியதாக அஃது இருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டில் ஒரு நாள், ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கே வாடகை அறையில் தங்கியிருக்கும் ஓர் இளைஞர், அந்நோட்டில் இந்தியில் சில வரிகள் எழுதியிருந்தார். ஊரில் அவர் தந்தை கடும் நோயுற்றிருந்தார். போய்வர அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறன்று, முதலில் அம்மன்றாட்டின் பொருளை ஒரு பெண் தமிழில் சொன்னார். பின்னர் அவ்விளைஞர் தம் மொழியில் அதனை வாசித்தார். மக்கள் தமிழில் பதிலுரைத்தனர். அன்று எழுந்த பதிலின் குரல் வேறுவிதமாக இருந்தது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ், மாதா பிரார்த்தனையில் புலம்பெயர்ந்தோரின் ஆறுதல் என்னும் புகழுரையைச் சேர்க்கச் செய்தார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வந்து குடியேறிய நமக்கு அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ? நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஓர் ஊரை விட்டு இங்கே வந்தவர்கள்தாமே!

வீட்டிலும் அவ்வாறே

இரவுச் செபத்தில் தாய் ஒருவரே எல்லாவற்றையும் சொல்லி முடிக்க, மற்றவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. அதனை மாற்றுங்கள். ஒருவர் முன்னுரைக்க, மற்றவர் பதிலுரைக்கட்டும். சிறு பிள்ளையும் ஒன்றைச் சொல்லட்டும். ஒவ்வொரு மன்றாட்டுக்குப் பின்னும் இரண்டு மூச்சு நேரம் அமைதி காத்து, அதன்பின் பதில் சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் ‘இதற்கு நான் ஒப்புகிறேனா?’ என்று உள்ளம் கேட்கும். இம்மாதம் தொடங்க ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் வீட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பதில்: ஆண்டவரே, எங்கள் இல்லத்தை நினைத்தருளும்.

எங்கள் ஆயரும் குருக்களும், தாங்கள் போதிப்பதை முதலில் தாங்களே வாழ்ந்து காட்ட உம்மை மன்றாடுகிறோம்.

ஏரிகளையும் நீர்வழிகளையும் காக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், எளியவரின் வீடுகளை மனத்திற்கொண்டு கடமையாற்ற உம்மை மன்றாடுகிறோம்.

இவ்வேளையில் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்வோரும், வேலை இழந்து உறக்கமின்றி இருப்போரும் உம் துணையை உணர உம்மை மன்றாடுகிறோம்.

எங்களுள் இன்று ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதவர்கள், விளக்கணைக்குமுன் ஒப்புரவாக உம்மை மன்றாடுகிறோம்.

எங்களுக்குச் செபம் கற்றுத்தந்து உம்மிடம் வந்த எங்கள் முன்னோர் உம் ஒளியில் இளைப்பாற உம்மை மன்றாடுகிறோம்.

நான்காவது மன்றாட்டுக்குப் பதில் சொல்லச் சிலருக்கு நா எழாமற் போகலாம். எழாவிட்டால் அன்றிரவு சொல்லாதிருங்கள். பொய்யாகச் சொல்வதினும் அது நன்று. ஆனால் ஏன் எழவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

அந்த மூதாட்டியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2019 ஜூன் மாதம் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. சென்னையெங்கும் மக்கள் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். அந்நாளில் அவர் என்னிடம் வந்து, “சாமி, அந்தப் பழைய பொஸ்தகத்துல மழைக்கு ஒண்ணு இருந்துச்சே, அத இந்த வாரம் படிக்கச் சொல்லுங்க” என்றார்.

தேடியெடுத்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அச்சான அதே சொற்கள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இளைஞர் வாசித்து முடித்ததும், முன்வரிசையிலிருந்து எல்லாருக்கும் முந்தி அவர் குரல் கேட்டது: “கேட்டருளும்!”

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.